கன்னி மூலையில் பீரோ

ஐயப்பன்தாங்கலில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் படுக்கையறை ஒன்றுதான். எனக்கு அதுதான் ஆபீசும். ஸ்வீடன்காரர்கள் கையகல வீட்டில் தாராளமாக வாழ்வதை வீடியோ வீடியோவாகப் பார்த்து, மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தேன். வெள்ளைச் சுவர், வெளிர் மரம். பகலில் கட்டில் சுவரோடு மடங்கிவிடும், எதிர்ச்சுவரிலிருந்து என் மேஜை இறங்கும். ஒவ்வொரு படத்தையும் கணவர் கோகுல்நாத்திடம் காட்டினேன். "சூப்பர் நிவி" என்றார். அவர் கேட்டது ஹாலில் டிவிக்கு ஒரு சுவர். கொடுத்தேன்.

ஞாயிறு பால் காய்ச்சினோம். மதியம் மாமியார் அனுப்பிய இரும்பு பீரோ வந்தது. நான் விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வருவதற்குள், நான்கு ஆட்கள் அதைத் தென்மேற்கு மூலையில் வடக்கு பார்த்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

திங்கள் ஒன்பது மணிக்கு மீட்டிங். மேஜையை இறக்கினேன். ஒரு சாண் இறங்கி, பீரோவில் 'டங்'கென்று இடித்து நின்றது.

"ஏங்க, மேஜை திறக்கல."

"எந்த மேஜை?"

எந்த மேஜையாம்! அந்த மனிதர் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பீரோவ நகர்த்துங்க."

"கன்னி மூலைல வெச்சத எடுக்கக் கூடாது நிவி. அம்மாகிட்ட யார் பதில் சொல்றது? கிச்சன் மேடைல லேப்டாப்ப வெச்சுக்கோயேன். எல்லாத்தையும் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்னு நீதானே சொன்னே?"

சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். என் மீட்டிங் அடுப்படியில் நின்றபடியே நடந்தது. நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் குக்கர் விசில் அடித்தது. என்ன சத்தம் என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டாள்.

மரவேலை செய்த பூந்தமல்லி சாதுல்லா பாயைக் கூப்பிட்டேன். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது? பீரோ வருதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்தாண்ட அடிச்சிருப்பேனே."

"எனக்கே தெரியாது பாய். மேஜையக் கழட்டி ஹால்ல மாட்டிடுங்க."

"அது சாரோட டிவி செவுராச்சேமா."

"மாட்டுங்க."

சாயங்காலம் கோகுல் வந்தபோது, ஹால் சுவரில் இறங்கியிருந்த மேஜையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நிவி, டிவி எங்க?"

நான் திரும்பவில்லை.

"எந்த டிவி?"