ஆண்களின் அடுக்களை

அன்று சங்கத்தில் இருந்தவர்கள்: தலைவர் எர்ரமுன், தச்சன் சபாஸ், வானொலியைக் காதோடு ஒட்டிவைத்திருந்த லூக்காஸ், உள்ளே உப்பு மீன் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்த கொஸ்மே. வாசற்படியில், இந்தப் பட்டியலில் சேரவே கூடாத ஐந்தாவது ஆளாக, கசில்டா.

துறைமுகத்து ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் சங்கம் அது. திருவிழாவன்று மட்டும் பெண்கள் கூடத்தில் உட்காரலாம். அடுக்களைக்குள் எந்த நாளும் கிடையாது. மீன் டப்பா ஆலையிலிருந்து கைகூடக் கழுவாமல் கசில்டா ஓடி வந்திருந்தாள். இந்த அறுபது வயதில் அவள் இப்படி ஓடியதில்லை. நாற்பது வருடமாக வீட்டில் வைத்திருந்தாலே சிறை என்றிருந்த தங்கள் பாஸ்க் இனத்துக் கொடியை இனி ஏற்றலாமாம். வானொலி சொல்லிவிட்டது. ஊரே தெருவில் நின்றது. துணிக்கடையில் கொடிக்கு வேண்டிய பச்சைத் துணி தீர்ந்துபோய், யாரோ ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் எதுக்கு? கொடி உங்க அடுக்களையிலதான் இருக்கு" என்றாள். "முப்பத்தேழுல நான் தெச்சது. எங்கண்ணன் படகுல பறந்தது. எங்க வீட்டுக்காரர் இங்க பூச்சு வேலை பாத்தப்ப சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டாரு."

லூக்காஸ் வானொலியைக் கீழே வைத்தான். "எந்த எடத்துலக்கா?"

"நானே எடுக்குறேன்."

"எடத்த மட்டும் சொல்லுங்க. சபாஸ்கிட்ட உளி இருக்கு."

"தெச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா?"

"இங்க ஒரு சட்டம் இருக்கும்மா" என்றார் எர்ரமுன்.

"கொடிக்குந்தான் நேத்து வரைக்கும் சட்டம் இருந்துச்சு."

"சுவரு பூரா ஒடச்சா தன்னால கெடைக்குது" என்றான் சபாஸ்.

உள்ளிருந்து கொஸ்மே கத்தினான். "யோவ், என் சட்டி எறங்குற வரைக்கும் எவனாவது சுவத்துல கை வெச்சான், அவன் தலையிலதான் ஊத்துவேன்!"

கசில்டா சிரித்தாள். ஆனால் இடத்தை மட்டும் சொல்லவில்லை. அடுப்புக்குப் பின்னால், சுவரில் கீழிருந்து மூன்றாவது வரிசை ஓடு என்று கணவன் செனோன் சொல்லியிருந்தான். குடித்தால் நான்காவது என்பான். திமிங்கிலத்தைத் தூண்டிலில் பிடித்ததாகவும் சொன்ன மனிதன்தான். அவன் போய் எட்டு வருடமாகிவிட்டது, இனிக் கேட்கவும் முடியாது. அண்ணன் பெர்னாபே கடல் சண்டையில் செத்தபோது உடல் வரவில்லை. கொடி மட்டும் வந்தது. அந்தச் சுவர் காலியாக இருந்தால் அவளிடம் அண்ணனுடையது என்று ஒன்றுமே இல்லை. அதை இத்தனை பேர் முன்னால் தெரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை.

கை தூக்கி வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்று எர்ரமுனும் சபாஸும். சரி என்று லூக்காஸ். கொஸ்மே சட்டியைச் சுழற்றியபடியே அடுக்களை வாசலுக்கு வந்தான். சுழற்சி நின்றால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும்.

"கையெடுக்க முடியாது. இந்தா, காலத் தூக்குறேன். அக்கா உள்ள வரட்டும்."

இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவர் வைத்ததுதான் முடிவு. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அதே நேரம் பறையும் குழலும் தெருவை அதிரவைத்துக்கொண்டு நகரசபைப் பக்கம் போயின. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கொடியேற்றப் போகிறவர்களை எர்ரமுன் அதன் வழியே பார்த்தார். பிறகு அடுக்களைச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

சபாஸ் உளியை நீட்டினான். "பழைய சுண்ணாம்புக்கா. மெதுவாத் தட்டுங்க."

கசில்டா படி தாண்டிக் கூடத்தைக் கடந்து அடுக்களைக்குள் காலை வைத்தாள். பூண்டும் சூடான எண்ணெயும் மணத்தன. அவ்வளவுதான், எல்லா அடுக்களையும் போலத்தான். புகை படிந்த வெள்ளை ஓடுகள். ஒன்று, இரண்டு, மூன்று. வாசலில் நான்கு தலைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தன. கொஸ்மேயின் கையில் சட்டி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். உள்பக்கமாகச் சாவியை நுழைத்து இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள். வெளியே சட்டியின் சத்தம் நின்றது.