கோல் கம்பத்துக்கு அந்தப் பக்கம்

பத்தாம் வகுப்பு படிக்கும்போது சத்யப்ரியாவின் முன்பல் உடைந்தது. மாவட்டக் கால்பந்துப் போட்டியில் பந்தோடு ஓடியவள் மேல் எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து மோதிவிட்டாள். மோதியவள் ஸ்வப்னா, மதுரை டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். சத்யப்ரியா செக்கானூரணிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். வேறு எந்த வகையிலும் இருவரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் சேர்ந்து அணித் தேர்வுக்குப் போனால், அங்கே அதே ஸ்வப்னா. பயிற்சியாளர் சிவபாண்டி இருவரையும் அணியில் எடுத்தார்.

சத்யப்ரியா அவளோடு பேசவில்லை. பயிற்சியில் வலையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தே பந்தை உதைத்தாள். ஸ்வப்னா முகம் சுளிக்காமல் பிடித்து, பந்தைத் திருப்பி உருட்டிவிட்டு, "இன்னொண்ணு அடி" என்பாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கல்லூரிகளுக்கிடையிலான அரையிறுதியில் சத்யப்ரியா ஒரு கோல் போட்டாள். இரண்டாம் பாதியில் ஒரு பந்தைத் தடுக்கப்போய் ஸ்வப்னாவின் விரல் மடங்கி வீங்கிவிட்டது. மாற்று கோல்கீப்பர் காய்ச்சலில் வரவில்லை. சிவபாண்டி ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஸ்வப்னா கையுறைகளைக் கழற்றி சத்யப்ரியாவிடம் நீட்டினாள். "நீ மாட்டு."

"எனக்கு என்ன தெரியும்?"

"எம்மேல அம்புட்டுப் பந்து அடிச்சிருக்க. நான் எப்படிப் பிடிக்கிறேன்னு உன்ன விட யாரு பாத்துருக்கா?"

சத்யப்ரியா மாட்டிக்கொண்டாள். கையுறை ஈரமாக இருந்தது. விரலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஸ்வப்னா வலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ஆட்டம் முடியும் நேரம், எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள்.

"முன்னாடி போ," என்றாள் ஸ்வப்னா. "நிக்காத, போ."

சத்யப்ரியா ஓடினாள். பந்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. விழுந்து பந்தைத் தட்டிவிட்டபோது அந்தப் பெண் அவள் முதுகில் இடறி உருண்டாள். முழங்காலில் ரத்தம். சத்யப்ரியா கைகொடுக்கப் போனாள். அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டு முறைத்தாள்.

அந்த முறைப்பு சத்யப்ரியாவுக்கு நன்றாகத் தெரிந்த முறைப்பு.

நடுவர் தவறு எதுவும் சொல்லவில்லை. ஒரு கோலோடு ஜெயித்தார்கள். மற்றவர்கள் குதித்துக்கொண்டிருக்க, எக்ஸ்ரே எடுக்கப் போன ஸ்வப்னாவோடு சத்யப்ரியாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

"எம்பல்லு உடைஞ்ச அன்னைக்கு நீ என்னையப் பாக்கவே இல்லைல்ல?"

"பந்தத்தான் பாத்தேன். நீ வாயப் பொத்திக்கிட்டு எந்திரிச்சப்பதான் உன்னப் பாத்தேன். வீட்டுல போய் அம்புட்டு அழுகை."

"எனக்காகவா?"

ஸ்வப்னா கொஞ்சம் யோசித்தாள். "பாதி உனக்கு. மீதி, எனக்கு ரெட் கார்டு குடுத்துட்டாங்கன்னு."

சத்யப்ரியா சிரித்துவிட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

எலும்பு முறியவில்லை. வலது கை விரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது சத்யப்ரியாவின் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். "அம்மா, அடுத்த பஸ்ல வாரேன். கூட்டாளியோட சாப்புட்டு வாரேன்."

கடையில் பரோட்டா வந்தது. ஸ்வப்னா இடது கையால் திணறுவதைப் பார்த்துவிட்டு, சத்யப்ரியா இலையைத் தன் பக்கம் இழுத்து, பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினாள்.

"சின்னதாப் பிய்யி."

"பேசாமத் தின்னு. ஞாயித்துக்கெழமை ஃபைனல் இருக்கு."