தாழ்த்திப் போட்ட கல்

பதுளைக் கடைவீதியில் எல்லாக் கடை வாசலிலும், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குக் குறுக்கே, மிதித்து ஏற ஒரு கருங்கல் உண்டு. அன்னலட்சுமியின் துணிக்கடைக் கல் மட்டும் கானுக்குள் முக்கால்வாசி இறங்கிக் கிடக்கும். காரணம் ஊருக்கே தெரியும். பண்டாரவளை வரை ரயிலிலும் பிறகு மாட்டுவண்டியிலும் வந்து இறங்கிய புதுப்பெண்ணுக்கு, வலது காலை எடுத்து வைக்கக் கல் எட்டவில்லை. அவ்வளவு குள்ளம். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளே மாப்பிள்ளை தங்கராஜா ஆள்விட்டுக் கல்லைத் தாழ்த்திப் போட்டார்.

"என் பொஞ்சாதி யாரு முன்னாலயும் தடுமாறக் கூடாது" என்றாராம். அப்படியும் ஒரு மனுஷன்!

அவர் போய்ச் சேர்ந்த பிறகும், விடிந்ததும் அன்னலட்சுமி முதலில் கழுவுவது அந்தக் கல்லைத்தான். அந்தியில் பக்கத்துப் பள்ளத்தில் பாண்ரொட்டிக் கடை வைத்திருந்த மரியகொரட்டியோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும் அதில்தான்.

மழைத்தண்ணீர் வடியக் கானை அகலமாக்க ஓவர்சியர் ஆட்களோடு வந்தார். கல்லெல்லாம் பெயர்ந்தன. அன்னலட்சுமி தன் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"எங்க வேணா வெட்டுங்க. இதுல கை வச்சா நடக்கிறதே வேற!"

கிழவியோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? அந்த ஒரு வாசலை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வெட்டினார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. பசறைப் பக்கத்து மேட்டுத் தண்ணீரெல்லாம் அகலக் கானில் தடையில்லாமல் ஓடிவந்து, அவள் கல்லில் முட்டி மேலேறி, மரியகொரட்டியின் கடைக்குள் பாய்ந்தது. பழைய மழைகளில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். இந்த முறை பாண் சுடும் மண்ணடுப்பான போறணையே கரைந்து உட்கார்ந்துவிட்டது.

அன்னலட்சுமி ஓடிப்போய்ப் பார்த்தாள். மரியகொரட்டி நனைந்த மாவை வாரிக்கொண்டிருந்தாள்.

"மண்ணுதானே அக்கா, மறுபடி குழைச்சுக் கட்டிக்கலாம்" என்றாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்னலட்சுமி தாங்கியிருப்பாள். அன்றே ஓவர்சியருக்கு ஆள் அனுப்பினாள்.

"எடுத்துருங்கய்யா."

கல்லை வண்டியில் ஏற்றியபோது புருஷனை இரண்டாம் முறை வழியனுப்புவது போலிருந்தது. வீதியென்றும் பாராமல் அழுதாள்.

புதுக்கல்லை உயரத்தில் போட்டார்கள். அடுத்த மழையில் தண்ணீர் அதன் அடியிலேயே சத்தமில்லாமல் ஓடியது. மழை விட்டதும் கோயிலுக்குப் போய்த் திரும்பிய அன்னலட்சுமி வாசலில் நின்றுவிட்டாள். கால் எட்டவில்லை. சிரிக்க அன்றைய ஆட்கள் யாருமில்லை. கல்லைத் தாழ்த்திப் போட அவரும் இல்லை.

புதுப் போறணையை விட்டு, கையெல்லாம் மாவோடு மரியகொரட்டி ஓடி வந்தாள்.

"புடிச்சுக்குங்க அக்கா. ம், வலது கால எடுத்து வைங்க."