பின்சீட்டுக்காரி சொன்னது

என் பைக்கைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக மெஷின் பழுதுபார்க்கிறவன் நான். எந்த நட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சேதுராமன் சொல்லிவிடுவான் என்று அங்கே எனக்கொரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவனிடம் வந்து, மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற மனைவி, "பின்னால ஏதோ ஆடுதுங்க" என்றால் எப்படி இருக்கும்?

சுதர்சினி ஒரு மாதமாகச் சொன்னாள். குண்டசாலையிலிருந்து கண்டி டவுனுக்கு அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கலகெதரவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதும் சொன்னாள். வளைவில் திரும்பினால் இடுப்புக்குக் கீழே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். "நீ ஆடாம ஒக்காந்தா பைக்கும் ஆடாது" என்றேன். மாமியார் வீட்டில் எல்லார் முன்னாலும் அதையே சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அப்புறம் விழுந்தோம். இரண்டு மாதத்துக்கு முன், கலகெதரவிலிருந்து திரும்புகிற வழியில், தூறல் நனைத்த ஒரு வளைவில். வேகம்கூட இல்லை. பின்சக்கரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போனது, நாங்கள் மறுபக்கம் போனோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்ததும் முதல் வேலையாகக் கத்தினேன். "அசையாம இருன்னா கேக்குறியா நீ?" பக்கத்துக் கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். சுதர்சினி ரோட்டில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, "தெரியாம அசைஞ்சிட்டேன் போல. மன்னிச்சிருங்க" என்றாள். அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். கட்டை அவிழ்த்த பிறகும் அவள் பைக்கில் ஏறவில்லை. பயமா என்று கேட்டேன். "எனக்கென்ன பயம். நான் திரும்ப அசைஞ்சு, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள். டவுனுக்கு பஸ்ஸில் போனாள். கலகெதரவுக்கு இரண்டு பஸ் மாறி வந்தாள். நான் பைக்கில் தனியாக முன்னாலேயே போய், மாமியார் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி அவளுக்காகக் காத்திருப்பேன். அவள் வந்து இறங்கினால் மாமியார் லீலாதேவி மகளைத்தான் ஏசுவார். "ஒரு பைக்ல ஒழுங்கா ஒக்காரத் தெரியல ஒனக்கு. மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" நான் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

விழுந்ததிலிருந்து பைக் ஒரு பக்கமாக இழுத்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு ஸைத், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "பின்வீல் நேரா போகுதில்ல மச்சான். ஸ்விங் ஆம் வளைஞ்சீக்கும்." ஸ்விங் ஆம் என்பது ஒரு இரும்புக் கவை. பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வண்டியின் நடுச்சட்டத்தில் ஒரே ஒரு நீள போல்ட்டில் மேலும் கீழும் அசையும். விழுந்ததில் வளைந்திருக்கும், வேறென்ன என்று நினைத்தேன். கண்டியில் பழைய சாமான் விற்கிற கடையொன்றில் நேரான கவை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையன்று காலையிலேயே வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரம், செயின், பிரேக் கம்பி எல்லாம் ஒரு மணி நேரத்தில் கழன்றன. அந்த நீள போல்ட் மட்டும் வரமாட்டேன் என்றது. இத்தனை வருடத்து மழையும் அதற்குள் இறங்கிக் கெட்டியாகியிருந்தது. எண்ணெய் விட்டேன், அடித்தேன், வாயில் வந்தபடி திட்டினேன். கடைசியில் ஸைத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு பக்கம் பித்தளைத் தண்டை வைத்து அடிக்க, நான் மறுபக்கம் திருக, போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது.

பழைய கவையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். போல்ட் நுழைகிற குழாயை ஒட்டி, பற்றவைத்த இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உள்ளே போல்ட்டைச் சுற்றியிருந்த புஷ் வளையம் தேய்ந்து, போல்ட்டை விட்டு ஆட்டினால் லொடலொடவென்றது. வெடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முக்கால் பங்கு கறுத்துப்போன துரு. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் செம்மஞ்சளாகப் புதுத் துரு.

ஸைத்தும் குனிந்து பார்த்தார். "இது விழுந்து வெடிச்சதில்ல. உள்ளுக்குப் பாருங்க, கறள் புடிச்சி கறுத்துப் போயீக்கி. எத்தின மாசத்து வெடிப்போ" என்றார். இந்த மாதிரி வெடிப்புகளைத் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறவன் நான். எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவருக்கும் நான் அதே கதையைத்தான் சொல்லியிருந்தேன், சுதர்சினி அசைந்ததால் விழுந்தோம் என்று. அவர் ஒருதரம் எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பழைய இரும்பு லொறி வரும். அதுல போட்டுடுங்க, முடிஞ்சி" என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஒளிப்பானேன், எனக்கும் முதலில் அந்த யோசனைதான் வந்தது. அவர் முச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போன பிறகு பழைய கவையைச் சாக்குக்கு அடியில் தள்ளினேன்.

மாற்றுக் கவையைத் தனியாகப் பூட்ட முடியவில்லை. அதைத் தூக்கிப் பிடித்து, துவாரங்களை நேராக்கி, போல்ட்டையும் தள்ள மூன்று கை வேண்டும். சுத்தியலால் நாலு போடு போட்டேன். நகரவில்லை. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டேன்.

சுதர்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மறுபக்கம் தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடித் துவாரத்துக்குள் பார்த்தாள். "வெளிச்சம் பாதிதான் தெரியுது. கொஞ்சம் மேல தூக்குங்க. ஐயோ, அவ்வளவு இல்ல. இப்ப உங்க பக்கமா. இன்னும் கொஞ்சம்." அவள் சொன்னபடியெல்லாம் செய்தேன். "இப்ப முழுசாத் தெரியுது. தள்ளுங்க." போல்ட் ஒரே தள்ளில் போய்விட்டது, சுத்தியலே தேவைப்படவில்லை. அவள் இடது கையால் கவையைத் தாங்கியிருந்தாள். அந்த விரல்கள் அதைச் சுற்றி முழுதாக மடங்காமல் நின்றன.

அதைப் பார்த்த பிறகு என்னால் ஒளிக்க முடியவில்லை. சாக்கை இழுத்து, அடியிலிருந்த பழைய கவையை எடுத்து நீட்டினேன்.

"இங்க பாரு. இது விழுறதுக்கு முந்தியே வெடிச்சது, பல மாசத்துக்கு முந்தி. ஆடுது ஆடுதுன்னு நீ சொன்னியே, அது இதுதான். முன்னால இருக்குறவனுக்குத் தெரியாது, பின்னால இருக்குறவங்களுக்குத்தான் தெரியும். நீ அசையல."

அவள் கவையை மடியில் வாங்கி, வெடிப்பின்மேல் விரலை மெதுவாக ஓட்டினாள்.

"பஸ்ல போறப்பெல்லாம் அதையேதான் யோசிப்பேன். எந்தப் பக்கம் அசைஞ்சேன், பைய கைமாத்தினேனா, தும்மினேனா. ஒண்ணுமே ஞாபகம் வராது. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

"ஏதாச்சும் செஞ்சிருந்தாத்தானே ஞாபகம் வரும். மன்னிச்சிரு" என்றேன். அன்றைக்கு ரோட்டில் அவள் சொன்ன அதே வார்த்தை. சொல்லும்போது உடம்பு கூசியது, வெட்கத்தில்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து, "இதத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மீதி வேலையை முடிக்க மத்தியானம் ஆனது. சந்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பைக் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. திரும்பி வந்தால், சுதர்சினி முகம் கழுவி, உடுத்திக்கொண்டு, ஹெல்மெட்டும் மாட்டி வாசலில் நிற்கிறாள். பழைய கவையைப் பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"எங்க?"

"கலகெதரவுக்கு. அம்மாகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்பாது."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

ஏறி உட்கார்ந்தாள். கவையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அதன் முனை என் முதுகில் குத்தியது. தள்ளி வை என்று சொல்ல வாயெடுத்து, பேசாமல் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன், "ஆடுதா?" ஒவ்வொரு தரமும் யோசித்து, "இல்ல" என்றாள்.

நாங்கள் விழுந்த வளைவு வந்தது. அன்றைக்கு ஆட்கள் ஓடி வந்த கடை திறந்திருந்தது. அவள் என்னிடம் கேட்டது கலகெதரவில் அம்மாவிடம் சொல்வதை மட்டும்தான். கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டில் போட்டுவிட்டு, "அதத் தா" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கு முந்தி இங்க விழுந்தோம். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? அவக்குக் கை ஒடிஞ்சி கெடக்க, நீங்க நிண்டு ஏசினீங்களே."

"ஆமா. அவ மேல பிழையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தேன். "ஒரு மாசமா சொன்னா, நான்தான் கேக்கல. இந்தா, இதுதான் பிழை."

கடைக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் வெடிப்பைக் காட்டி, பழைய துரு எது, புதுத் துரு எது என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சுதர்சினி பைக்கை விட்டு இறங்கவில்லை. பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.