கம்பெனிக் கணக்கில் வளர்ந்த பிள்ளை

மலை ஊரான வாசலூர்பட்டிக்கு மேலே உள்ள சாலைத் திருப்பத்தில், சின்னராசுவின் டீக்கடையில் மட்டும்தான் 2008ஆம் வருடத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் போனைக் கடை ஜன்னலில் மாட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போவார்கள். போன் இல்லாதவர்கள் சின்னராசுவின் நம்பரையே தங்கள் நம்பராகக் கொடுத்திருந்தார்கள். வரும் செய்திகளை அவன் உரக்கப் படித்துச் சொல்வான்.

"குப்புசாமியண்ணா, உம்மச்சான் சேந்தமங்கலத்துல பஸ் ஏறிட்டானாம். கோழிய ஒளிச்சு வெச்சுக்க."

"அடுத்தவன் சேதியப் படிக்கறதுல உனக்கு என்னடா அவ்வளவு சந்தோசம்?"

"நான் படிக்காட்டி உங்கோழிய யாரு காப்பாத்துவா?"

பஸ்ஸுக்காக நின்றிருந்த கிராம நர்ஸ் மெர்சி சிரித்தாள். ஆனால் அடுத்த செய்தியைச் சின்னராசு படிக்கவில்லை. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அது யாருக்கு?"

"பொன்னாயிக்குங்க."

மெர்சி போனை வாங்கிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். 'அன்புள்ள பொன்னாயி, உங்கள் செல்லம் அறப்பளிக்கு இன்று ஏழு மாதம். இனி பல் முளைக்கும்.' கீழே ஒரு குழந்தைப் பவுடர் கம்பெனியின் பெயரும் போன் நம்பரும்.

அறப்பளி பிறந்த இரண்டாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கும்போது, மெர்சியின் மடியில்தான் அவன் மூச்சு நின்றது.

கம்பெனிக்கு அவன் பெயரைக் கொடுத்ததும் மெர்சிதான். பதிவு செய்கிற தாய்க்கு ஒரு பவுடர் டப்பா இலவசம் என்று கம்பெனி ஆள் வந்தபோது, தன் பொறுப்பில் உள்ள தாய்மார்களுக்குக் கிடைக்கட்டுமே என்று அவளே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அரசாங்கப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மாதக் கூட்டத்தில் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் இதிலும் எதையும் காலியாக விடவில்லை. குழந்தையின் எடை, தகப்பன் பார்க்கும் வேலை, எத்தனையாவது பிரசவம், வீட்டுக்குப் போகும் வழி. பவுடர் விற்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

"இத அழிச்சுத் தொலைக்கக் கூடாதா, சின்னராசு? பெத்தவ மனசு என்ன பாடுபடும்!"

"அதில்லீங்க நர்சம்மா, அந்தப் புள்ள..."

பஸ் வந்துவிட்டது. மெர்சி காது கொடுக்காமல் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம், "ஆண்டவரே, அந்தத் தாயை இனி நோகவிடாதேயும்" என்று ஜெபித்தபடியே போனாள்.

அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இறங்கியதும் கம்பெனிக்கு போன் செய்தாள். ஒரு பெண் பேசினாள். சின்னராசுவின் நம்பரைச் சொன்னதும், "பொன்னாயி, ரெண்டாவது பிரசவம், வீட்டுக்காரர் மிளகுத் தோட்டத்துல கூலி வேலை, சரிங்களா மேடம்?" என்று மளமளவென்று படித்தாள். மெர்சிக்கு உடம்பு கூசியது.

"செய்தி அனுப்புறத நிறுத்தணும்மா."

"என்ன காரணம்னு போடட்டும்? பவுடர் பிடிக்கலையா, நம்பர் மாறிடுச்சா?"

"குழந்தை இறந்துடுச்சு."



"இந்த லிஸ்ட்டுல அப்படி ஒரு காரணமே இல்லக்கா," என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கியிருந்தது. "நம்பர் மாறிடுச்சுன்னு போட்டுடறேன். இனிமே வராது. ஆனா பேரும் விவரமும் கம்ப்யூட்டர்லயே இருக்கும். அத எடுக்க எனக்கு வழியில்ல. மன்னிச்சுக்குங்க."

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவும் மெர்சி ஜெபித்தாள்.

அடுத்த மாதம் அவள் டீக்கடைக்கு வந்தபோது, பொன்னாயி கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னராசு போனைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

"காலையில இருந்து உக்காந்திருக்குதுங்க. மாசாமாசம் இந்தப் பொண்ணு இங்க வரும். மத்தவங்க போனதுக்கப்புறம் அந்தச் சேதிய மெதுவாப் படிக்கச் சொல்லிக் கேக்கும். அதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்."

மெர்சி போய்ப் பொன்னாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் வரலீங்க," என்றாள் பொன்னாயி.

"இனி வராது கண்ணு. நான்தான் நிறுத்தச் சொன்னேன். உனக்கு நோகுமேன்னு..."

பொன்னாயி கோபப்படவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"செத்த புள்ள பேர ஊட்டுல சொல்லக் கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க. அடுத்த புள்ளைக்கு ஆகாதாம். அவரும் சொல்றதில்லீங்க. அந்தக் கம்பெனிக்காரங்க மட்டுந்தான் சொல்லிட்டிருந்தாங்க. குப்புற உழுந்தான், பல்லு முளைக்கும்னு. அவன் செத்தது எனக்குத் தெரியாதுங்களா? ஆனா எங்கியோ ஒரு எடத்துல வளந்துக்கிட்டு இருக்கறாப்பல இருந்துச்சு."

 மெர்சி இரக்கப்பட்டுத்தான் செய்தாள். ஆனால் யாருக்காக இரங்கினாளோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரக்கத்துக்கும் கேட்கத் தெரிய வேண்டும்.

"அவங்ககிட்ட அவன் பேரு இன்னும் இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"அழிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க," என்றாள் மெர்சி. தன்னைப் பயமுறுத்திய அதே விஷயம் பொன்னாயிக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த கம்ப்யூட்டரிடமே இவளை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

சின்னராசு இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"பொன்னாயி, அறப்பளி யாரு சாடை? அன்னிக்கு மலை இறங்குற பதட்டத்துல அவன் முகத்த நான் நல்லாப் பாக்கவே இல்லையே."

அந்தப் பெயர் யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று பொன்னாயி சட்டென்று கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத் தலைப்பு மெல்ல இறங்கியது.

"அறப்பளி..." என்றாள் பொன்னாயி. நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போன சொல்லைப் போல இன்னொரு முறை சொன்னாள். "அறப்பளி எங்கப்பன் சாடைங்க. காது மட்டும் அவரு மாதிரி."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதாள்.