நான்காவது வரி

என் மனைவியின் நோட்டைத் திறந்தது பேனாவுக்காக. பேனா அதற்குள் இருந்தது. பேனா இருந்த பக்கத்தில் நானும் இருந்தேன்.

பக்கத்தின் தலைப்பு 'மைத்ரி'. கீழே ஐந்து வரிகள்.

1. நான்.
2. நன்மை செய்தவர்: பழைய தலைமை நர்ஸ்.
3. நண்பர்: எக்ஸ்ரே அறைக்காரி.
4. விருப்பும் வெறுப்பும் இல்லாதவர்: கணவர்.
5. கடினமானவர்: மேல்வீட்டுக்காரர்.

நான்காவது வரியை இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை படித்தேன். கணவர் என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டில் கணவர் நான் ஒருவன்தான்.

அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஆறு மாதமாகச் சனிக்கிழமை மதியங்களில் ஒரு வகுப்புக்குப் போகிறாள். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. யோக தத்துவம், சமஸ்கிருதம், பௌத்த தியானம், மூன்றும் சேர்ந்த படிப்பு. வேற்றுமை அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். எட்டு வரிசை, மூன்று பத்தி. பால் எடுக்கப் போகிறவன் ஏழாம் வேற்றுமையைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

நோட்டுக்குள் ஓர் அச்சுத் தாள் மடித்து வைத்திருந்தது. மைத்ரி என்றால் நட்புணர்வு. யோகத்துக்கும் பௌத்தத்துக்கும் பொதுவான பயிற்சி. கண்ணை மூடி ஒருவரை மனத்தில் உட்காரவைத்து, இவர் நலமாக இருக்கட்டும் என்று நினைக்க வேண்டும். தினமும் ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். இறந்தவர்கள் கூடாது. நான்காம் ஆளுக்கு உதாரணம் கொடுத்திருந்தார்கள்: 'பேருந்து நிறுத்தத்தில் தினமும் காண்பவர், தபால்காரர், வங்கிக் காவலாளி. இவரை நினைத்தால் மனத்தில் எதுவும் அசையக் கூடாது.'

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம்.

நான் தராசு பழுது பார்க்கிறவன். கடைத் தராசு, மருந்துத் தராசு, மூட்டை நிறுக்கும் மேடை எல்லாம் பார்ப்பேன். முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவதுதான் வேலை. முள் எப்போது அங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது.

மகளிடம் கேட்டேன். அவள் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்கு என்னைப் பத்தி என்ன நினைப்பு?"

"ஏன்பா காலங்காத்தால?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் துண்டு அவிழ்ந்துவிட்டது.

"அப்பா, தபால்காரர் லிஸ்ட்லயா நீங்க?"

"தபால்காரர் உதாரணம். நான் நிஜம்."

"எதுக்கு இவ்ளோ ஃபீலிங்? திட்டலையே, அதுவே பெருசு. ஆனா ஒண்ணுப்பா. தபால்காரர் வந்தா அம்மா வாசல் வரைக்கும் போவாங்க."

முதலில் மூன்றாம் வரிக்கு முயன்றேன். நட்பு. காலையில் டீ போட்டுக் கட்டிலுக்கே கொண்டுபோனேன்.

அவள் டீயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எதை உடைச்சீங்க?"

"ஒண்ணும் உடைக்கலை."

"அப்போ என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இந்தச் சேலை உனக்கு நல்லா இருக்கு."

"இது போர்வை."

டீயைக் குடித்துவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை போட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

இரண்டாம் வரி எட்டாத உயரம். அந்தத் தலைமை நர்ஸ்தான் அவளுக்கு ரத்தம் எடுக்க நரம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். என்னிடம் அப்படி எதுவும் கிடையாது.

மிச்சம் ஐந்தாம் வரி.

யோசித்துப் பார்த்தால் ஐந்தாம் வரிதான் சிறந்த வரி. ஐந்தாம் ஆளை நினைக்கும்போது அவளுடைய கழுத்து நரம்பு புடைக்கும், பல் நறநறக்கும். தினமும் காலையில் மாடியில் அந்த மனிதர் நாற்காலியை இழுப்பார். கர்ர்ர் என்று வீடே அதிரும். உடனே, "பாவி! இவனுக்குப் பொழுது விடியறதே இதுக்குத்தானா!" என்பாள். பிறகு கண்ணை மூடி, இவர் நலமாக இருக்கட்டும் என்று கடைவாய்ப் பல்லால் சொல்வாள். அவருக்கு என்று ஐந்து நிமிடம், முழு மனத்தோடு. எனக்கும் ஐந்து நிமிடம்தான். ஆனால் நான் காவலாளி.

ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டேன். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைத்தேன். பற்பசையை நடுவில் அமுக்கினேன். மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். துண்டை எடுத்தாள், கதவை மூடினாள், பற்பசையைத் தடவிச் சரிசெய்தாள். ஒரு வார்த்தை இல்லை.

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையைத் தலைகீழாக ஒட்டினேன். இரண்டு நாள் அதைத் தலைகீழாகவே படித்தாள். வகுப்பில் பாராட்டினார்களாம்.

படிப்பு அவ்வளவு தூரம் வேலை செய்திருந்தது. என் கெட்ட நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறினேன். மேல்வீட்டுக்காரர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க. ஒரு தொழிலைக் கற்க வேண்டுமானால் அதில் பெயர் வாங்கியவரிடம் போக வேண்டும்.

மெலிந்த மனிதர். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தார். அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் சதுரங்கப் பலகை.

"வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். பிறகு, "ஒரு நிமிஷம், கறுப்போட முறை" என்று அதை இழுத்துக்கொண்டு மேசையின் அந்தப் பக்கம் போனார். கர்ர்ர். உட்கார்ந்தார். யோசித்தார். ஒரு காயை நகர்த்தினார். எழுந்தார். கர்ர்ர். இந்தப் பக்கம் வந்தார்.

"தனியாவா ஆடறீங்க?"

"ஆமா சார். காலையில ஒரு ஆட்டம் ஆடினாத்தான் நாள் ஓடும்."

"பலகையைத் திருப்பிக்கலாமே?"

"அது ஏமாத்து வேலை சார். எதிராளியோட இடத்துக்குப் போனாத்தான் எதிராளியோட புத்தி வரும்."

"யார் ஜெயிக்கறாங்க?"

"பெரும்பாலும் கறுப்பு" என்றார் வருத்தமாக. அவர் மனத்தளவில் வெள்ளை என்று புரிந்தது.

நான் பேச்சைக் கவனிக்கவில்லை. நாற்காலியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் நாற்காலி ஆடியது. ஆடுகிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது என் வியாதி. தராசின் அடியில் ஒட்டுகிற ரப்பர் கால்கள் என் பையில் எப்போதும் கிடக்கும். நாற்காலியைக் கவிழ்த்தேன். மூன்று கால்களுக்கும் ஒவ்வொன்று, குட்டைக் காலுக்கு இரண்டு. பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்த்தி, மட்டம் பார்த்தேன். இம்மி ஆடவில்லை. தள்ளினேன். பூனைபோல் போனது.

அவர் கண் கலங்கிவிட்டது. "இது இப்படியும் போகுமா சார்?"

படி இறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஐந்தாம் வரி காலியாகப்போகிறது. அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் படியில் விசில் அடித்தேன் என்பதையும் மறைக்க முடியாது.

மறுநாள் காலை அவள் கண்ணை மூடினாள். முதலில் அவளே, பிறகு நர்ஸ், எக்ஸ்ரே, காவலாளி. ஐந்தாவது வந்தது. சத்தத்துக்குக் காத்திருந்தாள். ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள்.

மூன்றாம் நாள், "ஏங்க, மேல இருக்கறவருக்கு உடம்பு சரியில்லையோ? போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

போனாள். வந்தாள். கையில் ஒரு ரப்பர் கால் இருந்தது. கழன்றது போலிருக்கிறது. பசை சரியில்லை.

"இது யார் வேலை?"

"தராசுக்குப் போடறது."

"அது தெரியும். மேல எப்படிப் போச்சு?"

"நாற்காலி ஆடுச்சு."

"ஆடினா ஆடட்டுமே! அந்த மனுசன் உங்களைப் பத்தி அரை மணி நேரம் புகழறார். எனக்கு உக்கார இடம் குடுத்தார், தண்ணி குடுத்தார். நான் வரேன்னு சதுரங்க ராணியை எடுத்துத் துடைச்சு வேற வைக்கறார். இனிமே அவர்மேல நான் எப்படிக் கோவப்படறது?"

"கோவம் போகணும்னுதானே அந்தப் படிப்பு?"

"போகணும். நான் போக்கணும். நீங்க ரப்பர் வச்சுப் போக்கக் கூடாது! ரெண்டரை மாசம் கஷ்டப்பட்டுப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போ அஞ்சாவதுக்கு நான் யாரைத் தேடுவேன்?"

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க நாலாவது."

"தெரியும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

"என் நோட்டைப் பாத்தீங்களா?"

"பேனா எடுத்தேன்."

"என்னிக்கு?"

"அது ஆச்சு ஒரு மாசம்."

அவள் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு புடைத்திருந்தது. எனக்காக. என்ன சொல்வது, மனசு நிறைந்தது.

"அப்போ என்னை அஞ்சுக்கு மாத்திடேன்" என்றேன். "நாலுல என்னால இருக்க முடியலை. திட்டு, வெறு, என்ன வேணா பண்ணு. எதுவுமே தோணலைன்னு மட்டும் எழுதாதே."

அவள் நோட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை கிளம்பும்போது, "செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

ஆசிரியைக்கு எங்கள் வயதில் பாதி இருக்கும். தீராத சளி. பக்கத்தில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. எட்டுப் பேர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். டயர் வாசனை தரை வழியாக வந்தது.

நான் முறையிட்டேன். ஆசிரியை மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, சாரையா நாலாவதுல வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"நினைச்சா எதுவும் அசையலையா?"

"அசையுது."

"என்ன அசையுது? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

மனைவி கண்ணை மூடினாள்.

"முதல்ல பிரஷர் மாத்திரை போட்டாரான்னு வருது. அப்புறம் அந்த டப்பாவை மூடினாரான்னு வருது. அப்புறம் குளியலறைக் குழாய். சரி பண்றேன்னு சொல்லி எட்டு மாசம். ஊர்ல இருக்கற தராசெல்லாம் ஒழுங்கா இருக்கு, என் வீட்டுக் குழாய் சொட்டுது. அப்புறம் இவர் தும்மினா மூணு தடவை தும்முவார். ஒருநாள் ரெண்டோட நின்னுட்டார். மூணாவது எங்கேன்னு நான் ராத்திரி சாப்பாடு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர். பிறகு தெரிந்தது, அவருடைய ஐந்தாம் ஆள் மாமனார், போன மாதம் இறந்துபோய் அவரைச் சிக்கலில் விட்டவர்.

"எத்தனை வாரமா இப்படி?" என்றார் ஆசிரியை.

"பதினோரு வாரம்."

"எல்லாரும் தபால்காரரை வச்சிருக்காங்க அக்கா. நீங்க ஏன் இவரை வச்சீங்க?"

"ஒருநாளாவது இவரைப் பத்திக் கவலையில்லாம அஞ்சு நிமிஷம் உக்காரணும்னு ஆசை. தபால்காரரை வச்சா அது தன்னால நடந்துடும். அதுல என்ன பெருமை?"

"நடக்கலைன்னு தெரிஞ்சதும் மாத்தியிருக்கலாமே?"

"பேனால எழுதிட்டேன்."

ஆசிரியை தும்மினார். "அக்கா, பாசம் அதிகமா இருக்கற ஆளை இந்தப் பயிற்சியில ஆரம்பத்துல வைக்கவே கூடாது. பழைய உரைகள்ல தெளிவா இருக்கு. அவருக்கு ஒண்ணுன்னா உங்க மனசு கலங்கும், பயிற்சி கெட்டுடும். சாரை எடுத்துடுங்க."

"மன்னிக்கணும்" என்றேன். "காதுல சரியா விழலை. எந்த மாதிரி ஆளை வைக்கக் கூடாது?"

"பாசம் அதிகமா..."

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றாள் மனைவி. "இவருக்கு ரெண்டு தடவையெல்லாம் சொல்ல வேணாம்."

நோட்டை எடுத்தாள். நான்காவது வரியை அடித்தாள். அதன் மேலேயே மேல்வீட்டுக்காரர் என்று எழுதினாள். இப்போது அவரால் எதுவும் அசைவதில்லை. ஐந்தாவது வரியையும் அடித்தாள். அதற்குமேல் எழுதாமல் பேனாவை மூடினாள்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒரு மாசம் மறைச்சிருக்கார்" என்றாள் ஆசிரியையிடம். "அடுத்தவங்க நோட்டைப் படிச்சிருக்கார்."

"பாசம் அதிகம்னு இப்பத்தானே அக்கா..."

"ஒரு வாரத்துக்கு மட்டும்."

ஆசிரியை ஒரு கைக்குட்டையை உருவினார். "ஒரு வாரம்னா சரி" என்றார்.

மனைவி பையில் துழாவிப் பென்சில் எடுத்தாள்.

பயிற்சி தொடங்கியது. வெளியாட்கள் உள்ளே இருக்கக் கூடாதாம். நான் மாடிப்படியில் செருப்புகளோடு உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நான்கு பேருக்கு அவள் முகம் ஏரித் தண்ணீர்போல இருந்தது. பிறகு புருவம் லேசாகச் சுருங்கியது. என் முறை.

இரண்டு நிமிடம் போயிருக்கும். அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். கதவை ஒரு கை அளவு திறந்தாள்.

"அந்த ஈரத் துண்டு. வேணும்னேதான் போட்டீங்களா?"

"ஆமா."

"அலமாரி?"

"ஆமா."

"அட்டவணை?"

தலையாட்டினேன்.

கதவை மூடினாள். மெத்தையில் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஐந்து நிமிட மணி அடித்து மற்றவர்கள் எழுந்து கதவைத் திறந்த பிறகும் அவள் எழவில்லை. ஆசிரியை தோளைத் தொட்டார்.

"இருங்க" என்றாள். "இன்னும் பற்பசை இருக்கு."