திருகோணமலையில் யார் யார் இறங்குவது

நவநீதன் கப்பலைக் காட்டப் போய்ப் பாவு நூலை அறுத்துவிட்டான். ஓடுகிற தறிக்கு மேலே கப்பல் டூர் வீடியோவைக் கைபேசியில் நீட்டி, "நைனா, யானை பாரு, யானை!" என்று அவன் கத்தியபோது, தோளில் கிடந்த துண்டு நழுவித் தறிக்குள் விழுந்தது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா நடுவழியில் சிக்கிக்கொள்ள, நீலக் கட்டம் போட்ட லுங்கிக்கான நூல்கள் ஒரு சாண் அகலத்துக்குப் படபடவென்று தெறித்தன. தீபாவளிச் சரக்கு கிளம்ப வேண்டிய வாரம். குடியாத்தத்தில் தறி வீட்டிலேயே பிறந்து வளர்ந்து, தறிக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

அப்பா ராமலிங்கம் மெயினை அணைத்தார். எல்லாத் தறியும் நின்றது.

"யானையைப் பாக்க கப்பல் ஏறிப் போவாங்களாடா? பேரணாம்பட்டுல அதுவே வூடு தேடி வந்து மாந்தோப்பை மிதிக்குது."

"நேத்து கப்பல் டூர் போலாமான்னு கேட்டப்ப தலையாட்டினியே நைனா!"

"தறி ஓடறப்ப தலையாட்டினா, நீ கத்துனது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். சரின்னு எப்படா சொன்னேன்?"

நவநீதனுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் எல்லோரையும் அவன் தறி ஓடும்போதுதான் கேட்டிருந்தான். எல்லோரும் அழகாகத் தலையாட்டியிருந்தார்கள்.

தீபாவளி முடிந்தால் லுங்கி மார்க்கெட் படுத்துவிடும். தறிகளும் கொஞ்ச நாள் நிற்கும். அது மழைக்காலம் என்பதால் கப்பலிலும் கூட்டம் இருக்காது, டிக்கெட் விலையும் கம்மி. வேலூரில் டிராவல்ஸ் நடத்தும் அவனுடைய தோஸ்த் மக்பூல் அகமது, "மொத்தக் கப்பலும் உன்னுதுதான்டா" என்று ஆசை காட்டியிருந்தான். சென்னையில் ஏறினால் திருகோணமலையில் ஒரு பகல் கரையில் இறங்கலாம். இறங்கி யார் எந்த இடத்துக்குப் போகிறார்கள் என்பதை மக்பூலிடம் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

நவநீதனின் ஆசை பெரியதல்ல. கல்யாணமோ கருமாதியோ, தறியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் பின்தங்கிவிடுகிற குடும்பம் இது. எல்லோரும் சேர்ந்து நிற்கிற போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. ஒரே ஒரு நாள், ஒரே மணலில், எல்லாக் கால்களும் இருக்க வேண்டும். இதைக் கேட்பது குற்றமா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் அக்கா எழிலரசிக்குப் போன் போட்டான்.

"நீ எதைப் போட்டாலும் சரிடா. நான் இன்னா சொல்லப் போறேன்?"

"அப்ப கோயிலுக்குப் போலாமா?"

"கடல் தாண்டியும் கோயிலாடா?"

"பீச்சு?"

"மழையில பீச்சா?"

"வெந்நீர் ஊத்து இருக்குதாம்க்கா."

"ஆம்பூர் வெயில்ல வெந்து சாவறவளுக்கு வெந்நீர் வேற ஊத்தறியா?"

"பின்ன இன்னாதான் வேணும் உனுக்கு?"

"உன் இஷ்டம்டா."

காட்பாடியில் படிக்கும் மகள் ஸ்வேதா லீவுக்கு வந்திருந்தாள். முகத்தைப் போனிலிருந்து எடுக்காமலே, "எனிதிங் ஓகேப்பா" என்றாள்.

நவநீதனுக்கு உச்சி மண்டை சுட்டது. "எனிதிங்னு ஒரு ஊர் இருந்தா உங்க எல்லாரையும் அங்கயே இறக்கி வுட்டுட்டு வந்துடுவேன்! வாயைத் திறந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது வேணும்னு சொல்றீங்களா? நான் இன்னா ஜோசியக்காரனா?"

அறுந்த நூல்களை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மனைவி தீபலட்சுமி, "காலைல டிபனுக்கு இன்னா வேணும்னு கேட்டா நீங்க சொல்ற பதில்தானே இது?" என்றாள். ராமலிங்கம் இருமுவதுபோல் சிரித்தார்.

மக்பூல் அகமது கூப்பிட்டான். "பேரைச் சொல்லுடா, கப்பல் கம்பெனில பேஜார் பண்றானுங்க."

"எழுதிக்கோ! எல்லாரும் பீச்சு. மழை பேஞ்சா குடை புடிச்சிக்கினு நிப்போம். நைனா, அக்கா, ஸ்வேதா, நானு, தீபா..."

"என் பேரை எடுங்க" என்றாள் தீபலட்சுமி.

"இன்னாது?"

"நான் இறங்கல."

நவநீதன் போனைப் பொத்தினான். "உன்னையும் சேத்தாதான்டி எல்லாரும். நீ இல்லாம இன்னா போட்டோ? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேன். அதுல உனுக்கு இன்னா கஷ்டம், சொல்லு!"

தீபலட்சுமி கையிலிருந்த முடிச்சை இறுக்கி முடித்துவிட்டு எழுந்தாள்.

"போட்டோ கப்பல்லயே எடுத்துக்கலாம், நிக்கறேன். அப்புறம் நீங்க எல்லாரும் இறங்கிப் போங்க. பொழுது சாயற வரைக்கும் யாரும் வராதீங்க. கதவைச் சாத்திக்கினு, யாருக்கும் சோறு போடாம, யார் கூப்பிட்டதுக்கும் இதோ வர்றேன்னு சொல்லாம, நான் அந்தக் கப்பல் ரூம்ல ஒண்டியா இருக்கணும். இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் ஒண்டியா இருந்தது பாத்ரூம்லதான். அதையும் தட்டுவீங்க. இதான் எனக்கு வேணும்."